கண்ணால் கண்ட கம்பி

அன்று காலை ஆறு மணிக்கு வெள்ளைக்கரடு மேல்நிலைத் தொட்டியில் 65,535 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தது. தொட்டியின் உயரம் நானூறு சென்டிமீட்டர்.

பம்ப் ரூம் சுவரில் இருந்த மீட்டர் அப்படித்தான் சொன்னது. சிவப்பு எண்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும். தொட்டி நூற்று அறுபத்து மூன்று மடங்கு நிரம்பியிருந்ததால் மோட்டார் நின்றுவிட்டது.

ஆப்பரேட்டர் கண்ணுச்சாமி மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு நடந்தார். பம்ப் ரூமிலிருந்து தொட்டி அறுநூற்று நாற்பது மீட்டர். எழுபத்திரண்டு படி ஏறினார். கழியை உள்ளே விட்டு எடுத்தார். முழங்கை அளவுக்கு நனைந்திருந்தது. இறங்கித் திரும்ப நடந்து வந்து, மோட்டார் பெட்டியிலிருந்த ஒரே பொத்தானை அமுக்கினார். மோட்டார் ஓடியது. இருபது நிமிடத்தில் எண் மறுபடி ஆடியது. மோட்டார் நின்றது.

பெட்டியைத் திறந்து கையால் மோட்டார் போட முடியாது. பூட்டி அரக்கு வைத்துச் சாவியை மதுரை கோச்சடையிலிருக்கும் கோட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மனிதன் கை பட்டால் முறைகேடு வரும் என்பது குடிநீர்க் கோட்டத்தின் கொள்கை.

தொட்டி பாதிக்கு மேல் நிரம்பினால்தான் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறும். கடைசித் தெரு கண்ணுச்சாமியின் தெரு. ஊரில் எந்தத் தெரு கடைசியாக இருக்க வேண்டும் என்று குழாய் போட்டவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பதினாறு நாட்களாக அந்தக் குழாயில் காற்றுதான் வந்தது. அவர் மனைவி முனியாயி இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் நாலு குடம் கட்டிக்கொண்டு வந்தார். தெருவே அப்படித்தான் வந்தது. வரும்போது பம்ப் ரூமைத் தாண்டித்தான் வர வேண்டும்.

எதிர்வீட்டு சுந்தரம்மாள் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா மோட்டார்காரரே, மேலத்தெருவுக்கு மட்டும் தொறந்துவிட்டுட்டு நிறுத்திப்புடுறீராமே. எம்புட்டுக் குடுத்தாக?"

"நான் நிறுத்தலத்தா. அதுவா நிக்கிது."

"அதுவா நிக்கிதாம்ல. அதுவா குடிச்சும் பாக்குமா?"

பதினான்கு வருடம் அந்த ஊருக்குத் தண்ணீர் விட்டவர் கண்ணுச்சாமி. இப்போது டீக்கடையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மீட்டர் கம்பெனிக்குப் போன் போட்டார். மதுரையிலிருந்து அவர்களுடைய ஆள் சூரியபிரகாஷ் பைக்கில் வந்தான். மீட்டரைத் திறந்து பார்த்தான், தொட்டிக்குப் போகும் ஒயர் புதைந்த பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தான், ஒயரை நகத்தால் கீறிப் பார்த்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, இது கதவு மணிக்குப் போடுற ஒயருண்ணே. யாரு போட்டது?"

"ஆபீஸ்லதான்."

"தொட்டி மேல தண்ணி அளக்கிற மானி இந்த ரெண்டு கம்பி வழியாத்தான் மீட்டர்கிட்ட பேசுது. ஒரு எழுத்து, அடுத்த எழுத்துன்னு வரிசையா அனுப்பும். பக்கத்துல பாருங்க, ரெண்டாவது போர் மோட்டாருக்குப் போற கரண்ட் கேபிள். ஒரே பள்ளத்துல கட்டிப்பிடிச்சுப் படுத்திருக்கு. அது போடுற இரைச்சலையும் சேத்துக் கேட்டுக்கிட்டுத்தான் மீட்டர் குழம்புது. குழம்புனா இந்த எண்ணக் காட்டும்."

"அப்ப என்ன பண்ண?"

சூரியபிரகாஷ் பையிலிருந்து அரை மீட்டர் கறுப்புக் கேபிள் ஒன்றை எடுத்தான். தோலை உரித்துக் காட்டினான். உள்ளே பளபளக்கும் ஈயத்தாள் உறை. அதற்குள் இரண்டு மெல்லிய ஒயர், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு.

"இதுதான் போடணும். ரெண்டும் சுத்திக்கிட்டே போறதால வெளி இரைச்சல் ரெண்டு மேலயும் ஒரே அளவு விழும். மீட்டர் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தத்தான் பாக்கும். இரைச்சல் கழிஞ்சு போயிரும்."

கண்ணுச்சாமி அந்த இரண்டு ஒயரையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"புருசங்காரன்ட்டயும் பொண்டாட்டிட்டயும் ஒரே கோளச் சொன்னா வீட்ல சண்ட வராதுல்ல. அது மாதிரியா?"

"அம்புட்டுதாண்ணே. எங்க காலேஜ்ல இத ஆறு மாசம் நடத்துனாங்க."

அரை மீட்டரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கண்ணுச்சாமி கோச்சடைக்குப் பஸ் ஏறினார்.

*

கோட்டச் செயற்பொறியாளர் அழகுமலை மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள். பக்கத்தில் உதவிப் பொறியாளர் ரோகிணி நின்றார். வெள்ளைக்கரடு அவருடைய பிரிவில் வருகிறது.

"யாருய்யா நீ?"

"வெள்ளைக்கரடு ஆப்பரேட்டருங்க சார். தற்காலிகம்."

"எத்தன வருஷமா?"

"பதினாலுங்க சார்."

"பதினாலு வருஷமா தற்காலிகமாவே இருக்கியா. நல்ல பொறுமை. சொல்லு."

கண்ணுச்சாமி சொன்னார். புருஷன் பொண்டாட்டி உதாரணத்தையும் சொன்னார். அழகுமலை கேபிள் துண்டைக் கையில் வாங்காமல் பார்த்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார். கோட்டத்தின் பொருள் பட்டியல். கேபிள் என்ற தலைப்பில் பதினொரு வகை இருந்தது. எல்லாம் பருமனைப் பொறுத்து. ஒன்று மெலிந்தது, அடுத்தது அதைவிடத் தடித்தது, இப்படியே பதினொன்று.

"இதுல தகவல் கேபிள்னு ஒண்ணு இல்லயே."

"கடையில இருக்குங்க சார். டவுன்ஹால் ரோட்டுல."

"கடையில இருக்கலாம்யா. உலகத்துலகூட இருக்கலாம். கோட்டத்துல இல்ல."

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். பேச ஆரம்பிக்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரில் இருப்பவர்கள் மங்கலாகிவிடுவார்கள். பேச்சு தெளிவாக வரும்.

"நான் முப்பத்தொரு வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் ஒரு கேபிளக்கூடத் தப்பாத் தேர்வு செஞ்சதில்ல. எப்படி? தேர்வே செஞ்சதில்ல. தேர்வு செய்றது குழு. குழுவ அமைக்கிறது மேலிடம். மேலிடத்துக்கு எழுதுறது ரோகிணி. ரோகிணி எழுதுனதுல நான் கையெழுத்துப் போடுவேன். அதுலயும் முழுக் கையெழுத்து இல்ல, சுருக்கொப்பம். பொறுப்புங்கறது தண்ணி மாதிரிய்யா. தேங்க விடக்கூடாது. ஓட விட்டுக்கிட்டே இருக்கணும்."

"எங்க தெருவுலயும் கொஞ்சம் ஓட விட்டா நல்லாருக்குங்க சார்."

அழகுமலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சந்திப்பு முடிந்தது.

வெளியே வராந்தாவில் ரோகிணி தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க சொன்னது சரிதாண்ணே. நானும் படிச்சிருக்கேன். இந்தக் கேபிள்தான் வேணும்."

"அப்ப உள்ள ஒரு வார்த்த சொல்லலாமேம்மா?"

"தெரிஞ்சவங்க பேசுனா தெரியாதவங்களுக்குச் சங்கடமா இருக்கும். எனக்கு ப்ரமோஷன் லிஸ்ட் வருது."

*

கேபிள் தேர்வுக் குழு அமைக்க ஐந்து வாரம் ஆயிற்று. ஏழு பேர். ஒருவர் வாகனப் பிரிவு. ஒருவர் பூங்காப் பராமரிப்பு. ஒருவர் அலுவலக நூலகத்துக்குப் பொறுப்பாளர். கேபிளைப் பற்றிய புத்தகம் எதுவும் அங்கே இல்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார். பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக மின் பிரிவிலிருந்து யாரையும் எடுக்கவில்லை.

கண்ணுச்சாமி கொண்டுவந்த மாதிரித் துண்டு ஒவ்வொரு பிரிவாகப் போனது. ஒவ்வொரு பிரிவும் தன் கோப்புக்கென்று ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டது. குழு கூடிய அன்று மாதிரித் துண்டு மிச்சமில்லை. "மாதிரி சமர்ப்பிக்கப்படவில்லை" என்று எழுதிக் குழு கலைந்தது.

இரண்டாவது முறை சூரியபிரகாஷ் ஒரு மீட்டர் கொடுத்தான். அதுவும் கோப்புகளுக்குள் போயிற்று. மூன்றாவது முறை மூன்று மீட்டர் கொடுத்தான்.

"அண்ணே, இப்படியே குடுத்துக்கிட்டிருந்தா நீங்க கோச்சடைலருந்து ஊருக்கே லைன் இழுத்திரலாம்."

"சிரிக்காத மாப்ள. எங்க தெரு மூத்திரம் போகக்கூட யோசிக்கிது."

மூன்றாவது கூட்டத்துக்கு ஒரு கைப்பிடி அளவு மிஞ்சியது. தேர்வு தொடங்கியது. முதலில் பார்வைத் தேர்வு. ஏழு பேரும் வரிசையாகப் பார்த்தார்கள். பிறகு தொடுதேர்வு. பூங்கா அதிகாரி முகர்ந்தும் பார்த்தார். அது குறிப்பில் ஏறவில்லை. பிறகு நிறம். கறுப்பு மண்ணில் கறுப்புக் கேபிள் தெரியாமல் போகும், திருடன் எடுக்க மாட்டான் என்று வாகனப் பிரிவு சொன்னது. தெரியாத பொருளை எப்படி ஆய்வு செய்வது என்று நூலகம் கேட்டது. சாப்பாட்டு நேரம் வரை அது போனது.

மூலையில் நின்றிருந்த கண்ணுச்சாமி கையைத் தூக்கினார். "சார், இது வேல செய்யுமான்னு ஒரு தடவ மாட்டிப் பாக்கலாம்ங்க."

குழுத் தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். "மாட்டிப் பாத்தா அது பயன்பாடு. இது தேர்வு."

கூட்டக் குறிப்பின் கடைசிப் பத்தி இது: *சமர்ப்பிக்கப்பட்ட கேபிள் நீளமாக இருப்பதைக் குழு ஒருமனதாக உறுதிசெய்கிறது. பட்டியலில் இல்லாத பொருள் என்பதால், சிறப்பு அளவீட்டுக்கு உட்பட்டு வாங்கலாம்.*

நிதி ஆண்டு முடிய ஒன்பது நாள் இருந்தது. அதனால் வாங்கிவிட்டார்கள். கேபிள் சரியான கேபிள். சூரியபிரகாஷ் சொன்ன அதே கேபிள். கண்ணுச்சாமிக்கு நம்ப முடியவில்லை. அன்று இரண்டு மாதத்துக்குப் பிறகு டீக்கடைக்குப் போய், கேட்காமலே எல்லாருக்கும் சொன்னார்: "வந்துருச்சு."

*

சிறப்பு அளவீடு என்றால் என்னவென்று அவருக்குக் கோட்டத்தின் சமயநல்லூர்க் கிடங்கில்தான் தெரிந்தது.

கிடங்கு முற்றத்தில் கேபிள் உருளை நின்றது. கோட்டக் கணக்கர் மலையாண்டி அளவுப் புத்தகத்தோடு நாற்காலியில் இருந்தார். வேலையாட்கள் பன்னிரண்டு பேர், கையில் பிளேடு.

"எதுக்குய்யா பிளேடு?" என்றார் கண்ணுச்சாமி.

மலையாண்டி தலை நிமிராமல் சொன்னார். "கண்ணால கண்ட உலோகத்தத்தான் அளவுப் புத்தகத்துல ஏத்த முடியும். விதி. நான் இங்கருந்து பாத்தா கறுப்பாத்தான் தெரியிது. உள்ள தாமிரம் இருக்கலாம். வைக்கோல் இருக்கலாம். உரிச்சுக் காட்டுனாத்தான் எனக்குத் தெரியும்."

"முனையில பாத்தாத் தெரியுமேய்யா."

"முனையில மட்டும் தாமிரம் வச்சு ஏமாத்துனவன நான் பாத்திருக்கேன். சர்வீஸ்ல நான் யாரையும் நம்புனதில்ல. என்னையும் சேத்து. அதனாலதான் மூணு தணிக்கை வந்தும் என்னை அசைக்க முடியல. ஏன்னா நான் எதையும் செஞ்சிருக்க மாட்டேன்."

அறுநூற்று நாற்பது மீட்டர் கேபிளையும் உரித்தார்கள். இரண்டு நாள் ஆயிற்று. கறுப்புத் தோல் ஒரு குவியல். ஈயத்தாளைச் சுரண்டி எடுத்து எடை போட்டு, "வெள்ளித்தாள், கழிவு" என்று எழுதிக் கிடங்கில் சேர்த்தார்கள். உள்ளே இரண்டு ஒயர்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடந்தன. மலையாண்டி எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்ன, சிக்கு விழுந்திருக்கு?"

"சிக்கு இல்லைங்கய்யா. அப்படித்தான் இருக்கணும். அதுக்குத்தான் இதையே வாங்குனது."

"வளஞ்ச பொருள நான் எப்படி அளக்க? நேராக்குங்கப்பா."

கண்ணுச்சாமி ரோகிணியைப் பார்த்தார். ரோகிணி கைபேசியைப் பார்த்தார். கண்ணுச்சாமி ஓடிப்போய் ஒயர்கள் மேல் குறுக்கே நின்றார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா. பிரிச்சா இது பழைய மணி ஒயருதாம்மா. படிச்சிருக்கேன்னு சொன்னீங்கள்ல."

"அண்ணே, அளவுப் புத்தகத்துல நான்தான் கையெழுத்துப் போடணும். தள்ளி நில்லுங்க."

பிரித்தார்கள். முற்றத்தின் சுவரிலிருந்து சுவருக்கு இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, ஒவ்வொரு ஒயரையும் விறைப்பாக நீட்டி அளந்தார்கள். இரண்டும் அறுநூற்று ஐம்பத்தைந்து மீட்டர் வந்தது. சுற்றிக்கொண்டு போகிற ஒயர் கேபிளைவிட நீளமாகத்தான் இருக்கும். மலையாண்டியின் முகம் மாறியது.

"நாம கேட்டது அறுநூத்தி நாப்பது. பதினஞ்சு மீட்டர் அதிகம் குடுத்திருக்கான். ஏன் குடுத்தான்? எவனும் சும்மா குடுப்பானா? இதுல என்னமோ இருக்கு."

அதிகப்படியை வெட்டி, அரக்கு வைத்து, விசாரணைக்காகப் பெட்டியில் பூட்டினார்கள். மீதி இரண்டு ஒயரும் தனித்தனிச் சுருளாக வெள்ளைக்கரட்டுக்கு லாரியில் வந்தது. அதே பழைய பள்ளத்தில், கரண்ட் கேபிளுக்குப் பக்கத்தில், அருகருகே படுக்க வைத்தார்கள். கண்ணுச்சாமி பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். துப்பினார்.

*

தொடக்க விழாவுக்கு அழகுமலை வந்தார். பம்ப் ரூம் வாசலில் வாழைமரம், ரிப்பன். மேலத்தெருக்காரர்கள் நாற்காலியில். கடைசித் தெருக்காரர்கள் குடத்தோடு வெயிலில்.

மீட்டரைப் போட்டார்கள். 65,535 வந்தது.

கண்ணுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அழகுமலை கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்தார். எண் அசையவில்லை. முன்பு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆடும், நடுவில் உண்மையும் எட்டிப் பார்க்கும். ஈயத்தாளும் இல்லாமல், சுற்றும் இல்லாமல், இப்போது பொய் மட்டும் நிலையாக நின்றது.

"முன்னாடி இது ஆடுச்சா?"

"ஆடுச்சுங்க சார்."

"இப்ப ஆடல. இதுதான் சரியான கேபிளுக்கு அடையாளம்."

கண்ணாடியைக் கழற்றினார். "அன்பார்ந்த வெள்ளைக்கரடு பொதுமக்களே. நம்ம கோட்டத்துல அறுபத்திரண்டு தொட்டி. இதுவரைக்கும் சராசரி நீர் இருப்ப வெளியில சொல்ல எனக்கே வெக்கமா இருந்துச்சு. இந்த ஒரு தொட்டியால சராசரி இன்னைக்கு ஆயிரத்தி இருநூத்தி நாலு சென்டிமீட்டர் வந்திருக்கு. எந்தத் தொட்டியும் நானூறுக்கு மேல உயரம் இல்ல. அப்ப நாம நம்ம தொட்டிகளவிடவே உயர்ந்துட்டோம்!"

நாற்காலிகள் கை தட்டின. சுந்தரம்மாள் பின்னாலிருந்து கத்தினார்.

"அம்புட்டுத் தண்ணி இருந்தா ஒரு குடம் மோந்துக்கிறவா சார்?"

"இருப்பு வேற, விநியோகம் வேறம்மா. விநியோகம் அடுத்த பிரிவு."

அன்றிலிருந்து பொத்தானை அமுக்கினால் மோட்டார் இரண்டு நிமிடம்தான் ஓடியது. ஐந்தாம் நாள் மேலத்தெருவுக்கும் தண்ணீர் நின்றது. கோட்டத்தின் வாட்ஸப் குழுவில் ஆப்பரேட்டர்கள் தினமும் காலை எட்டு மணிக்கு மீட்டரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கண்ணுச்சாமி அனுப்பினார். அழகுமலை கட்டைவிரல் போட்டார். ஒருநாள் பூவும் போட்டார்.

அந்த வாரம் முனியாயி சைக்கிளோடு கல் ரோட்டில் விழுந்தார். நாலு குடமும் உடைந்தது. முழங்காலில் ஆறு தையல். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவர் கேட்டார்.

"ஏய்யா, அந்த ஒயருல என்னதான் கொற?"

"சுத்து இல்ல. பிரிச்சுப்புட்டாங்கெ."

"பிரிச்சதத் திரும்பச் சுத்த முடியாதா?"

கண்ணுச்சாமி அவரைப் பார்த்தார். பிரித்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கோட்டத்தில் நின்று நின்று, அவருக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது.

*

முனியாயியின் தம்பி முத்திருளன் பேரையூரில் பிளம்பர். ஞாயிற்றுக்கிழமை காலை சார்ஜ் போட்ட டிரில்லிங் மெஷினோடு வந்தான். சூரியபிரகாஷும் வந்தான், லீவு என்று சொல்லிக்கொண்டு.

பள்ளத்திலிருந்து இரண்டு ஒயரையும் உருவினார்கள். சுற்றினால் நீளம் குறையும். வெட்டிய பதினைந்து மீட்டர் சமயநல்லூரில் விசாரணைக் கைதியாக இருந்தது. ரோட்டோரமாக வளைந்து போகாமல் கண்மாய்க்கரை வழியாகப் போனால் ஐம்பது மீட்டர் மிச்சம் என்று கண்ணுச்சாமி சொன்னார். கரண்ட் கேபிளும் பக்கத்தில் வராது.

"அண்ணே, நீங்கதான் குழுவுல இருந்திருக்கணும்" என்றான் சூரியபிரகாஷ்.

"எனக்கு முகந்து பாக்கத் தெரியாதே."

தொட்டிப் பக்கம் இருந்த வேப்பமரத்தில் இரண்டு முனையையும் கட்டினார்கள். பம்ப் ரூம் பக்கத்து முனைகளை மெஷினில் மாட்டினார்கள். நடுவில் கடைசித் தெரு நின்றது. பதினைந்து மீட்டருக்கு ஒருவர், கரை நெடுக, ஒயர் தரையில் படாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு.

"இறுக்கிப் பிடிக்காதீக! வளையம் மாதிரிப் பிடிங்க, சுத்து உள்ள ஓடட்டும்!"

"ஏய், எங்கிட்ட இன்னும் வரல!" என்று தொலைவிலிருந்து சுந்தரம்மாள் கத்தினார். "வழக்கம்போல கடைசியிலதான் வருமா?"

கரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. முக்கால் மணி நேரம் மெஷின் சுற்றியது. வேப்பமரம் வரைக்கும் சுற்று போய்ச் சேர்ந்தது.

மீட்டரில் மாட்டினார்கள். 41 வந்தது. கண்ணுச்சாமி கழியோடு எழுபத்திரண்டு படி ஏறினார். கழி முழங்கை அளவுக்கு நனைந்திருந்தது. மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிவதற்குள் 388. மோட்டார் தானாக நின்றது, முதன்முறையாக நிற்க வேண்டிய இடத்தில். கடைசித் தெருக் குழாயில் முதலில் காற்று, பிறகு செம்மண், பிறகு தண்ணீர். சுந்தரம்மாள் முதல் குடத்தைக் கொண்டுவந்து முனியாயியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கண்ணுச்சாமி சந்தோஷத்தில் ஒரு தவறு செய்தார். எட்டு மணிக்கு 388-ஐப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

*

குறிப்பாணை மூன்றாம் நாள் வந்தது.

*தங்கள் பொறுப்பிலிருந்த 65,535 செ.மீ. நீரில் 65,147 செ.மீ. நீர் ஒரே இரவில் குறைந்துள்ளது. இதனால் கோட்டத்தின் சராசரிக்குப் பெருத்த இழப்பு ஏற்பட்டுள்ளது. மேற்படி நீரைத் தாங்கள் என்ன செய்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். தவறினால் தற்காலிகப் பணியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவீர்கள்.*

விசாரணைக்கு அழகுமலை, மலையாண்டி, ரோகிணி மூவரும் ஜீப்பில் வந்தார்கள். தொட்டியில் ஏறிப் பார்க்கலாம் என்று கண்ணுச்சாமி அழைத்தார். ஏணி ஏறுவதற்குப் பயணப்படி விதியில் இடமில்லை என்றார் மலையாண்டி. தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அழகுமலை ஜீப்பை அதைத் தாண்டி நிறுத்தச் சொன்னார், செருப்பு நனையும்.

பம்ப் ரூமில் மலையாண்டி ஒயரைக் கண்டார். விரலால் சுட்டினார்.

"சார், பாருங்க. நாம நேராக்கி அளந்து ஏத்துன பொருள். திரும்பச் சிக்காக்கி வச்சிருக்கான். புத்தகத்துல அறுநூத்தி நாப்பது. இப்ப அளந்தா குறையும். நாளைக்குத் தணிக்கை வந்தா மிச்சம் எங்கன்னு கேப்பான்."

"எதுக்குய்யா இப்படிச் செஞ்ச?" என்றார் அழகுமலை.

"தண்ணி வாரதுக்குங்க சார். இப்ப வருதுங்க. நீங்களே பாத்தீங்க."

"தண்ணி வந்து என்ன பிரயோஜனம்? எண் போயிருச்சே. நான் மேலிடத்துல ஆயிரத்தி இருநூறுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பப் போய், சார், அது வெறும் தண்ணிதான்னு சொல்லச் சொல்றியா?"

கண்ணுச்சாமி ரோகிணியைப் பார்த்தார். அவருக்கு ப்ரமோஷன் வந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கண்மாய்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரை நெடுக ஓடிய ஒயர் நல்ல சுற்று என்பது தெரியாத கண் இல்லை அது.

உத்தரவு: மூன்று நாளில் ஒயரைப் பிரித்து நேராக்க வேண்டும். நேராக்கியதற்குப் புகைப்படச் சான்று அனுப்ப வேண்டும். காணாமல் போன நீரை மீட்க வேண்டும்.

இரவு முழுக்க கண்ணுச்சாமி தூங்கவில்லை. வேலை போனால் புது ஆப்பரேட்டர் வருவான், ஒயரைப் பிரித்துவிடுவான். பிரிக்காவிட்டால் வேலை போகும். விடிந்ததும் முனியாயி நொண்டிக்கொண்டே வந்து குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்து கொடுத்தார்.

"அவுகளுக்கு என்னய்யா வேணும், தண்ணியா நம்பரா?"

"நம்பர்தான்."

"நமக்கு?"

கண்ணுச்சாமி சொம்பைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் பின்னால் போய், துணி காயப்போட்டிருந்த இரண்டு கம்பிகளைப் படம் எடுத்தார். சேலையை விலக்கிவிட்டுத்தான் எடுத்தார். நேரான கம்பிகள். அனுப்பினார். பிறகு கைபேசியில் பின்னால் தள்ளிக்கொண்டே போய், விழா அன்று எடுத்த படத்தைக் கண்டுபிடித்தார். 65,535. எட்டு மணிக்கு அதைக் குழுவில் போட்டார்.

அழகுமலை கட்டைவிரல் போட்டார். பத்து நிமிடம் கழித்து ஒரு செய்தியும் வந்தது: *நீர் முழுமையாக மீட்கப்பட்டது. நடவடிக்கை கைவிடப்படுகிறது.*

அதற்குப் பிறகு தினமும் எட்டு மணிக்கு அந்த ஒரு படம்தான். படத்தின் மூலையில் வாழை இலை தெரியும். நாலு மாதமாக அது வாடவில்லை. யாரும் கேட்கவில்லை. கடைசித் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது.

ஆடி மாதம் பாராட்டுப் பலகை வந்தது. மாதிரி நீரேற்று நிலையம். கூடவே ஒரு சுற்றறிக்கை: *வெள்ளைக்கரடு நிலையத்தில் கேபிள் உரித்து, பிரித்து, நேராக்கப்பட்டதால் கிடைத்த வெற்றியைத் தொடர்ந்து, மற்ற அறுபத்தொரு நிலையங்களிலும் உள்ள தகவல் கேபிள்கள் அவ்வாறே நேராக்கப்படும். அனுபவம் வாய்ந்த ஆப்பரேட்டர் கண்ணுச்சாமி பணியைப் பார்வையிடுவார்.*

கண்ணுச்சாமி அதை இரண்டு முறை படித்தார். மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். பலகையைச் சுவரில் மாட்டவில்லை. தவிட்டு மூட்டை மேல் மூடியாக வைத்தார்.

அன்று மாலை போன் அடித்தது. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரின் ஆப்பரேட்டர், கருத்தக்கண்ணன்.

"அண்ணே, நாளைக்கு எங்க ஊருக்கு உரிக்க வாராகளாம். நீங்களும் வாரீகளாம்ல. மீட்டர் கம்பெனிக்காரங்களே போட்ட ஒயருண்ணே, எங்க தொட்டி நல்லாத்தான் ஓடுது. ஒரு கொறையும் இல்ல. இத ஏண்ணே செய்றாக? உங்களாலதானாமே?"

கண்ணுச்சாமி பாக்கெட்டிலிருந்த சுற்றறிக்கையைத் தொட்டுப் பார்த்தார். அவரால்தான்.

"வாரேன் மாப்ள" என்றார். "அவுக உரிக்கட்டும். தடுக்காத, தடுத்தா எழுதிக்கிருவாக. மறுநா காலையில நான் ஒரு போட்டோ அனுப்புறேன். அத வச்சுக்க. தினமும் எட்டு மணிக்கு அதப் போடு."

"என்ன போட்டோண்ணே?"

"கேளு. ஞாயித்துக்கெழம ஊர்ல நாப்பது பேரக் கூப்பிட்டு வையி. உங்க ஊர்ல டிரில்லிங் மெஷின் யார்ட்ட இருக்கு?"